பெயருக்குப் பின்னால் ஒரு காலியிடம்

"ஐயோ... போச்சு! எல்லாம் போச்சு!"

மருந்துக் கிடங்கின் கம்ப்யூட்டர் அறையிலிருந்து அலறல்!

அலறியவன் முதலாளியின் மச்சினன். கம்ப்யூட்டர் பிரிவின் தலைவன். தகுதி? அவன் அக்கா முதலாளியின் மனைவி. அவ்வளவுதான்!

எந்தச் சரக்கு வெளியே போவதென்றாலும் முதலாளியின் ஒப்புதல் மென்பொருளில் பதிவாக வேண்டும். அந்த மென்பொருளைப் புதுப்பித்தே தீர வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றவன் இந்த மச்சினன்தான். புது மென்பொருளுக்குப் புது டேட்டாபேஸ். பழைய பதிவுகளை மாற்றும்போது... பாதியில் நின்றுவிட்டது!

வாசலில் லாரிகள் வரிசையாக நின்றன. ஆஸ்பத்திரிகளிலிருந்து போன் மேல் போன்.

"இவதான் அத்தான்! வேணும்னே கெடுத்துட்டா!"

ஓடி வந்த முதலாளியிடம் அவன் விரல் நீட்டிக் காட்டிய இடத்தில் டேட்டாபேஸைக் கவனிக்கும் பெண். பக்கத்தில் இன்ஸ்பெக்டர். போலீஸுக்குப் போன் போட்டதும் இந்த மேதாவியே!

"என்னம்மா, ஸ்டேஷனுக்குப் போலாமா?"

அவளுக்குப் பயம்தான். வீட்டில் கைக்குழந்தை. ஆனாலும் இவன் முன்னால் அழுவதா? சீ!

"போலாம் சார். அதுக்கு முன்னாடி இந்த அறிவுக்கொழுந்து ஒரு தடவை லாகின் பண்ணட்டும்."

மச்சினன் இரண்டு விரலால் தன் பெயரை டைப் அடித்தான். கடைசியில் கட்டை விரலால் ஸ்பேஸ் பாரில் ஒரு தட்டு... டொக்! எதை அடித்தாலும் முடிவில் அப்படித் தட்டுவது அவன் வழக்கம்.

'இந்தப் பெயரில் யாரும் இல்லை' என்றது திரை.

"பாருங்க அத்தான்! என்னையே வெளிய தள்ளிட்டா!"

"தள்ளினது உங்க கட்டை விரல்! பேருக்குப் பின்னாடி ஒரு காலியிடம் விட்டீங்க. பழைய டேட்டாபேஸ் அதைக் கண்டுக்காது, ரெண்டும் ஒரே ஆளுன்னு விட்டுடும். புதுசுக்கு அது வேற ஆள். பதிவு மாத்தறது பாதியில நின்னதும் இதே மாதிரி காலியிடத்தாலதான்."

எட்டி அந்த இடத்தை அழித்தாள். லாகின் ஆகிவிட்டது.

"அட, இவ்வளவுதானா? சரி பண்ணிடேம்மா!" என்றார் முதலாளி.

"பண்ணிடலாம் சார். ஆனா பழைய பதிவுல சிக்கி நிக்கறது இவர் பேர் இல்ல... உங்க பேர்!"

"என் பேரா?"

"காலாவதின்னு கழிச்சு வெளிய அனுப்பின சரக்குல எல்லாம்! நீங்க பட்டனை அழுத்தினா உங்க பேர் தானா விழும், காலியிடம் வராது. இதுல ஒவ்வொண்ணுலயும் இருக்கு. யாரோ உள்ள புகுந்து கையால அடிச்சிருக்காங்க."

"நான் எதையும் கழிக்கச் சொல்லலையே!" முதலாளியின் முகம் வெளுத்தது. "அத்தனையும் நல்ல மருந்தா?"

"எ... எவனோ திருட்டுப்பய அடிச்சிருப்பான் அத்தான்!"

"அப்படியா?" இன்ஸ்பெக்டர் கீபோர்டை மச்சினன் பக்கம் நகர்த்தினார். "நீங்க சொல்றதை நீங்களே அடிச்சுக் கொடுத்துடுங்க தம்பி."

அடித்தான். 'நான் நிரபராதி.'

டொக்!

அறையே அவன் கட்டை விரலைப் பார்த்தது. அவனும் பார்த்தான்... அப்படியே உட்கார்ந்து தலையில் கை வைத்துக்கொண்டான்.

"வெளில வித்துட்டேன் அத்தான்... அக்காகிட்ட சொல்லிடாதீங்க!"

பேடி! அக்காவுக்குத்தான் பயம், நோயாளிகளைப் பற்றிக் கவலையே இல்லை.

ஜீப் அவனை ஏற்றிக்கொண்டு போனது. முதலாளி நெற்றியைத் துடைத்தார்.

"இப்ப என்னம்மா பண்றது?"

"பழைய பதிவு அப்படியே ஒரு காப்பி இன்ஸ்பெக்டர்கிட்ட போயாச்சு. இனி பேருக்குப் பின்னாடி இருக்கற காலியிடத்தை எல்லாம் அழிச்சுட்டா லாரி கிளம்பிடும்." அவள் திரும்பி முறைத்தாள். "ஆனா ஆபீஸ்ல புதுசா ஒரு காலியிடம் விழுந்திருக்கு. அதை நிரப்ப உங்களுக்கு இன்னொரு மச்சினன் இல்லையே சார்?"