ஐநூற்று ஒன்று

மேசைமேல் இருந்த இரண்டு கம்ப்யூட்டர்களும் அணைந்துதான் கிடந்தன. ஆனாலும் அலமாரிக்குள் இருந்த ஸ்டோரேஜ் பெட்டியின் பச்சை விளக்கு, உள்ளே யாரோ எதையோ தேடுவதுபோல் விட்டுவிட்டு மின்னிக்கொண்டிருந்தது. கூடவே ஒரு சத்தம், ஒருவர் நிதானமாக விரல்களுக்குச் சொடக்கு எடுப்பதுபோல. மழைக்காக ஜன்னல்களை எல்லாம் சாத்தியிருந்ததால் மாலையிலேயே அறை இருண்டுவிட்டது. காயாத துணியின் வாடையும் சூடேறிய தூசியின் வாடையும் கலந்து மூச்சை அடைத்தன. கண்ணாடிக் கடைக்காரன் அலமாரிக் கதவைத் திறந்து பெட்டியில் காதை வைத்தான். நேற்றைவிடச் சத்தம் கூடியிருந்தது.

பெட்டி அவன் மனைவியுடையது. ஒலிப்புத்தகங்களுக்குக் குரல் கொடுத்து வந்தவள். நிறுவனம் கொடுத்த கம்ப்யூட்டரில் பதிவு செய்து இந்தப் பெட்டியில் சேர்த்து வைப்பாள். அவளையும் அவள் செல்போனையும் ஒரே விபத்து கொண்டுபோனபின், நிறுவனத்தார் வந்து துக்கம் விசாரித்தார்கள். போகும்போது மறக்காமல் கம்ப்யூட்டரையும் தூக்கிக்கொண்டார்கள். பெட்டி மட்டும் தங்கிவிட்டது. மகள் சிட்டுவுக்காக அவள் சொல்லி வைத்த கதைகள் அதற்குள்தான் இருந்தன.

சிட்டுவுக்குக் காய்ச்சல் விடுகிற வழியாக இல்லை. சாப்பாடு இறங்கவில்லை. நிறுவனத்து ஒலிப்புத்தகம் ஒன்றைப் போட்டுக் காட்டியபோது, "இது அம்மா இல்ல" என்று போர்வைக்குள் போய்விட்டாள். அது அவள் அம்மாவின் தொழில் குரல். வீட்டுக் குரல் வேறு. நேற்று திடீரென்று, "அம்மா குரல் எப்படிப்பா இருக்கும்?" என்று கேட்டாள். அவன் அதேபோல் பேசிக் காட்ட முயன்றான். குழந்தை முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அந்த நொடியில் அவனுக்குச் செத்துப்போய்விடலாம் போல இருந்தது.

பெட்டியை அமைத்துக் கொடுத்தவன் மனைவியின் தம்பி. கம்ப்யூட்டர் பழுது பார்ப்பவன். வெளியூர் வேலையில் இருந்தவனைப் போனில் பிடித்தான்.

"மாமா, பெட்டிய மட்டும் ஆஃப் பண்ணிடாதீங்க. டிஸ்க் சாகப் போகுது. நின்னா மறுபடி சுத்தாது."

"என் கம்ப்யூட்டர்ல ஃபோல்டர் பேரு தெரியுதுடா. உள்ள போனா அனுமதி இல்லைங்குது."

"உங்களுது விண்டோஸ். அந்த வழியா போனா பேரும் பாஸ்வேர்டும் கேட்கும். அது அக்காவுக்குத்தான் தெரியும். பக்கத்துல என் பழைய லினக்ஸ் மெஷின் இருக்குல்ல? அதுல வேற வழி இருக்கு. அந்த வழியில பேரும் பாஸ்வேர்டும் பெட்டி கேட்காது. வர்ற ஆளோட நம்பரை மட்டும்தான் பார்க்கும்."

"என்னடா நம்பர்?"

"ஒவ்வொரு ஆளுக்கும் மெஷின் ஒரு நம்பர் குடுக்கும் மாமா. அக்கா அவங்க மெஷின்ல ஐநூத்தி ஒண்ணு. நீங்க இங்க ஐநூத்தி ஒண்ணுன்னு புதுசா ஒரு ஆளை உருவாக்கி உள்ள போங்க. பெட்டியைப் பொறுத்தவரைக்கும் அப்புறம் நீங்கதான் எங்க அக்கா."

கடைக்காரன் சிரிக்கப் பார்த்தான். முடியவில்லை. போட வேண்டிய கட்டளைகளைத் தம்பி செய்தியாக அனுப்பி, கடைசியில் எழுதியிருந்தான்: 'முடிஞ்சதும் இதைப் போட்டு நம்பரை மாத்திடுங்க.'

கம்ப்யூட்டருக்கும் அவனுக்கும் எப்போதும் ஏழாம் பொருத்தம். கடையில் பில் போடுவதற்குமேல் அதைத் தொட்டவன் இல்லை. ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்துப் பார்த்து அடித்தான். இரண்டு தடவை தப்பாகி, மூன்றாம் தடவை கேள்வி எதுவும் கேட்காமல் திரையில் வரிக்கு அடுத்த வரியாக இறங்கியது. ஃபோல்டர் திறந்தது. அதே நேரத்தில் அலமாரியில் சொடக்குச் சத்தம் நின்றது. பச்சை விளக்கு மின்னுவதை விட்டு நிலையாக எரிந்தது. டிஸ்க் செத்தேபோய்விட்டது என்று நினைத்தான். ஆனால் கோப்புகள் வரிசையாக வந்து நின்றன.

ஒன்றை ஓடவிட்டான். "சிட்டு, கண்ணை மூடிக்கோ. மூடினாத்தான் கதை." அவ்வளவுதான். மேசையில் தலையைக் கவிழ்த்து, பக்கத்து அறையில் தூங்கும் குழந்தைக்குக் கேட்டுவிடாதபடி வாயைப் பொத்திக்கொண்டு, விக்கி விக்கி அழுதான்.

பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு எல்லாவற்றையும் பிரதியெடுக்க விட்டான். அது ஓடிக்கொண்டிருந்தபோதுதான் பட்டியலின் அடியில் ஒரு கோப்பைக் கவனித்தான். மற்றதெல்லாம் பழைய தேதி. இது இன்று. அதன் அளவு பார்க்கப் பார்க்கக் கூடிக்கொண்டே போனது. யாரோ இப்போது பதிவு செய்துகொண்டிருப்பதைப்போல.

அதை ஓடவிட்டான்.

மழைச் சத்தம். நாற்காலி கிறீச்சிடுவது. ஓர் ஆண் வாயைப் பொத்திக்கொண்டு அழுவது. அவன் அழுதது. சற்றுமுன் அழுதது. இந்தக் கம்ப்யூட்டரில் மைக்கே கிடையாது. மேசைக்கடியில் குனிந்துகூடப் பார்த்துவிட்டான். அழுகை ஓய்ந்தபின் பதிவில் கொஞ்ச நேரம் மழை மட்டும் பெய்தது. பிறகு, மிக அருகில், ஒரு மூச்சு உள்ளே இழுக்கப்பட்டது. கதையைத் தொடங்குமுன் அவள் இழுக்கும் மூச்சு. அதை எந்தக் கூட்டத்தில் கேட்டாலும் அவனால் சொல்லிவிட முடியும்.

அந்தக் கோப்பை எழுதுகிற ஆளின் நம்பரைப் பார்த்தான். ஐநூற்று ஒன்று.

'அது நான்தானே' என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான்.

நம்பரை மாற்றும் கட்டளையைப் போட்டான். அந்த ஆள் இப்போது உபயோகத்தில் இருக்கிறார், மாற்ற முடியாது என்றது. மறுபடி போட்டான். அதே பதில். நெட்வொர்க் ஒயரைப் பிடுங்கி எறிந்தான். பெட்டிக்கும் கம்ப்யூட்டருக்கும் இனி எந்தத் தொடர்பும் இல்லை. கோப்பு வளர்ந்துகொண்டே இருந்தது.

பக்கத்தில் தன்னுடைய கம்ப்யூட்டரைப் போட்டான். கடையின் பேரைத்தான் பாஸ்வேர்டாக வைத்திருந்தான், தினமும் அடிப்பது. தவறு என்றது. நிறுத்தி நிதானமாக அடித்தான். தவறு. போனை எடுத்துக் கட்டைவிரலை வைத்தான். திறக்கவில்லை. சட்டையில் துடைத்துவிட்டு வைத்தான். திறக்கவில்லை. முகத்துக்கு நேரே பிடித்தான்.

அடையாளம் தெரியவில்லை.

எழுந்திருக்க நினைத்தான். மழை நின்றிருந்தது. எப்போது நின்றது? ஈரத்துணி வாடை போய், அறையில் அவள் தலைக்குத் தேய்க்கும் எண்ணெயின் வாசம். திரும்பிப் பார்த்தான். யாருமில்லை. வாசம் பின்னாலிருந்து வரவில்லை. முன்னாலிருந்தும் இல்லை. அவன் மேலிருந்தே வந்தது.

போன் அடித்தது. தம்பி. கடவுளே என்று எடுத்தான்.

"தம்பி, ஏதோ தப்பாயிடுச்சுடா. நம்பரை மாத்த முடியல. உடனே கிளம்பி வா. கெஞ்சிக் கேட்கறேன், வந்துடுடா."

மறுமுனையில் மூச்சு மட்டும்.

"டேய், நான்தான்டா. லைன்ல இருக்கியா?"

"அக்கா...?" என்றான் தம்பி.

போன் கையிலிருந்து நழுவி எங்கோ விழுந்தது. அவனுக்குத் தன் குரல் தன் குரலாகத்தான் கேட்டிருந்தது. தொண்டையைத் தொட்டுப் பார்க்கக் கையை உயர்த்தினான். பாதியில் நிறுத்திக்கொண்டான். தொட்டுப் பார்க்கத் துணிவில்லை.

கதவு திறந்தது. சிட்டு நின்றாள். தூக்கக் கலக்கத்தில், கன்னமெல்லாம் சிவந்து, போர்வையை இழுத்துக்கொண்டு. பயந்து அலறப் போகிறாள் என்று நினைத்தான். அலறிவிடு, ஓடிவிடு, பக்கத்து வீட்டுக்குப் போய்விடு என்று உள்ளுக்குள் கதறினான்.

குழந்தையின் முகம் மலர்ந்தது. ஓடிவந்து அவன் மடியில் ஏறி, கொதிக்கும் கைகளால் கழுத்தைக் கட்டிக்கொண்டாள்.

"வந்துட்டியாம்மா!"

அவன் பல்லைக் கடித்துக்கொண்டான். பேசக் கூடாது. பேசவே கூடாது.

அவள் தலையை நிமிர்த்தி அறையைச் சுற்றிப் பார்த்தாள். பக்கத்துக் காலி நாற்காலி. அலமாரி. கதவு.

"அம்மா, அப்பா எங்க?"

இங்கேதான் இருக்கிறேன், உன்னைத் தூக்கி வைத்திருப்பதே நான்தான் என்று சொல்லிவிட முடிந்தால் போதும். அது ஒன்று போதும். வாயைத் திறந்தான். நெஞ்சு தானாக விரிந்து, அந்த மூச்சை, அவளுடைய மூச்சை, உள்ளே இழுத்தது.

"அப்பா இனிமே வரமாட்டாரு சிட்டு. கண்ணை மூடிக்கோ."

சிட்டு சமத்தாகக் கண்ணை மூடிக்கொண்டு, கதைக்காகக் காத்திருந்தாள்.