கடைசி இருக்கை வரை

டோர்செட் பார்க் குடியிருப்புப் பகுதியில் கடைசிப் பிள்ளையையும் இறக்கிவிட்டு, பள்ளிக்கூட பஸ்ஸைப் பனி மூடிய ஒரு ஒழுங்கையில் ஓரங்கட்டியபோதுதான் லெஸ்லி கவனித்தார்: பின்பக்கக் கண்ணாடிகளில் ஆவி படிந்திருந்தது, ஆளில்லாத பஸ்ஸுக்குள் நிறையப் பேர் மூச்சு விட்டுக்கொண்டிருப்பதுபோல அந்த வெண்மை மெல்ல மெல்லத் தடித்துக்கொண்டு வந்தது.

கைபேசி அடித்தது. மனைவி அன்ரனெற்.

"எங்க நிக்கிறியள்? சோறு ஆறுது."

"பிள்ளையள் ஆரும் நித்திரையாக் கிடக்கினமோ எண்டு ஒருக்காப் பாத்திட்டு வாறன்."

ஒவ்வொரு நாளும் செய்வதுதான். இயந்திரத்தை நிறுத்தியதும் எச்சரிக்கை மணி அலறும். இருக்கை இருக்கையாகக் குனிந்து பார்த்துக்கொண்டு பின்னால் போய்ப் பொத்தானை அழுத்தினால்தான் ஓயும். இன்று மணி அலறிக்கொண்டிருக்க, நடுவழியில் கால் தயங்கியது. ஈர மணலின் வாசனை. கருகிய துணி, உப்பு, மருந்து. போர் முடிந்த பிறகு அவர் மூக்கு அறியாத வாசனை.

அப்போது அவர் இயக்கத்தில் ஒரு தளபதி. அவருக்குக் கீழே மீசை அரும்பாத பொடியன்கள். கடைசி நாட்களில் கடற்கரைக் காவலரணில் அவர்களை இருத்தி, "நான் வந்து சொல்லுமட்டும் ஒருத்தரும் அசையக்கூடாது" என்றுவிட்டுத் தண்ணீர் தேடிப் போனார். வழியில் ஷெல் விழுந்தது. கண் விழித்தபோது யாரோ அவரைச் சுமந்து நீரேரியைக் கடந்திருந்தார்கள். பிறகு முகாம், கப்பல், கனடா. பொடியன்களைத் தேடாத இடமில்லை. அவர்களில் ஒருவனின் தாயை இங்கே மாதா கோயிலில் கண்டபோது அவள் அவருடைய கையைப் பிடித்து முகர்ந்து பார்த்தாள், மகனின் மணம் அதில் ஒட்டியிருக்கும் என்பதுபோல.

மணி தானாக நின்றது.

பாரம் ஏறியதுபோல ஓர் இருக்கை கிறீச்சிட்டது. பிறகு இன்னொன்று. பிறகு எல்லாம்.

"அண்ணை."

மகரக்கட்டு இன்னும் உடையாத குரல்.

"நாங்கள் அசையேல்லை, அண்ணை."

பயம்தான். ஆனால் பயத்தைவிட அழுகை பெரிதாக வந்தது.

"காணும் பிள்ளையள்," என்றார். "போங்கோ. வீட்டை போங்கோ."

யாரும் எழும்பவில்லை.

"எங்களுக்கு வழி தெரியாது. நீங்கள்தானே கூட்டிக்கொண்டு வந்தனீங்கள்."

முன்னால் ஓடினார். விழுந்தார். எழும்பினார். கதவைத் திறந்தார். வெளியே. வெளிச்சத்துக்கு. ஆட்களிடம்.

படியடியில் ஒரு பிள்ளை நின்றது. வெறுங்கால். அதன் பின்னால் இன்னொன்று. அதற்கும் பின்னால், தெருமுனை வரை, வரிசை. பனி அவர்களின் முகங்களில் விழுந்தது. உருகவில்லை.

முதலில் நின்ற பிள்ளை ஏறுவதற்குக் காலைத் தூக்கியது.