குறையற்ற வலது கை

தீர்ப்பாயத்தில் மனிதர்கள் தீர்ப்புச் சொல்லிப் பதினோரு ஆண்டாகிவிட்டது. இப்போது குறைமானி என்ற இயந்திரம்தான் எல்லாம். கூண்டில் ஏறி நின்றால் அது ஒரு வேலை கொடுக்கும். செய்ய முடியாவிட்டால் குறைபாடு உண்டு, செய்துவிட்டால் இல்லை. உடம்பில் எது இல்லை என்று பார்க்காதே, எது முடியவில்லை என்று பார் என்பது சட்டம். அதை எழுதியவர்கள் தங்களைத் தாங்களே ரொம்பத்தான் மெச்சிக்கொண்டார்கள்.

வேலாயுதத்தின் வலது கையில் கட்டைவிரலும் அடுத்த இரண்டு விரல்களும் இல்லை. அவர் வேலை பார்த்த வார்ப்பாலையின் அழுத்து இயந்திரம் தின்றுவிட்டது. காயம் ஆறிப் போனபோது ஆலையின் வாயிற்பொறி விரல்களை எண்ணியது. "ஏழு. வேலைக்குத் தகுதியில்லை" என்று கதவைச் சாத்திவிட்டது. குறைபாட்டுச் சான்று இருந்தால் ஆலை அவரை நீக்க முடியாது. அதற்காகத்தான் இந்த அலைச்சல்.

"சட்டைப் பொத்தான்களைப் போடவும்" என்றது குறைமானி.

எட்டு மாதமாக அவரும் மனைவி பொற்கொடியும் மல்லுக்கட்டியது இதோடுதான். "ஒரு பொத்தானுக்கு அடுத்தவங்க கைய எதிர்பார்த்து நிக்கக் கூடாதுங்க" என்று தினமும் உட்கார வைத்துப் பழக்கினாள். இப்போது கூண்டுக்கு வெளியே நின்று அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் பார்க்கட்டும் என்று ஆறு பொத்தான்களையும் மளமளவென்று போட்டு முடித்தார். நெஞ்சைக்கூட நிமிர்த்தினார், பாவி மனுஷன்!

"பதினான்கு நொடி. இயல்பு நேரத்துக்குள். குறைபாடு இல்லை."

கண்ணாடித் தடுப்புக்குப் பின்னாலிருந்த எழுத்தர் மாலினிக்கு நிஜமாகவே சந்தோஷம். "வாழ்த்துகள் சார்!"

"என்ன அம்மணி, விரலே இல்லீங்களே! ஆலைக்காரன் உள்ளயே உட மாட்டேங்கறானுங்க."

"அது உங்க உடம்புல இருக்கற குறை சார். சட்டத்துல குறைபாடுன்னா வேற. வேணும்னா மேல்முறையீடு பண்ணுங்க, இன்னிக்கே பண்ணணும்." ஒளிப்பலகையை நகர்த்தி வைத்தாள். "வலது கட்டைவிரல் வைங்க."

வேலாயுதம் தன் கையைப் பார்த்தார். பிறகு இடது கட்டைவிரலை வைத்தார். சிவப்பு விளக்கு எரிந்தது.

மாலினியின் குரல் இறங்கிப் போனது. "இடது வைக்கச் சலுகை உண்டு சார். ஆனா, குறைபாட்டுச் சான்று இருக்கறவங்களுக்குத்தான்."

பொற்கொடிக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. "நாந்தானுங்க சொல்லிக் குடுத்தேன். என் கைய வெட்டிப் போடணும்!"

வெட்டிப் போட்டால் மட்டும் சான்று கொடுத்துவிடுவார்களா என்ன?