நல்வரவுக்கு நடுவில் ஒரு வாய்க்கால்

செல்லப்பனும் கலியம்மாளும் சண்டை போட்டுக்கொண்டால் தெருவில் யாரும் கவலைப்பட மாட்டார்கள். அவர்கள் ஒற்றுமையாக இருந்தால்தான் கவலை. ஒற்றுமையாக இருக்கும் நாட்களில் இருவரும் சேர்ந்து வீட்டுக்கு எதையாவது செய்ய ஆரம்பித்துவிடுவார்கள்.

ஒருமுறை கலியம்மாள் வயர் கூடை பின்ன உட்கார்ந்தார். பக்கத்தில் இருந்து செல்லப்பன் யோசனை சொல்லிக்கொண்டே இருந்தார். கூடையின் அடிப்பக்கம் அகன்றுகொண்டே போனது. கடைசியில் அதைக் கோழி கவிழ்க்க வைத்துக்கொண்டார்கள். கோழிக்கு அது மிகவும் பிடித்துப் போயிற்று.

இவர்களுடைய ஒரே மகள் பிரவீணா. ஐந்தாம் வகுப்பு. எந்த வேலை நடந்தாலும் அவளுக்கு ஒரே பதவிதான். "இதைக் கொஞ்சம் புடி" என்று யாராவது சொன்னால் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும்.

அந்த வருடம்தான் அரியலூர்ப் பக்கத்தில் இருந்த அவர்கள் ஊருக்குக் கேபிள் டிவி வந்திருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஏதோ பங்களா வீட்டின் தோட்டத்தைக் காட்டினார்கள்.

"நம்ம வாசலும் இப்படி இருந்தா எப்படி இருக்கும்?" என்றார் அப்பா.

"ஆடு மேய வசதியா இருக்கும்" என்றார் அம்மா. ஆனால் அவர் கண் டிவியை விட்டு நகரவில்லை.

மறுநாளே வேலை தொடங்கியது.

அப்பா அரியலூரில் லாரிப் பட்டறை ஒன்றில் வேலை பார்த்தார். பழைய டயர்களுக்குப் பஞ்சமில்லை. ஒரு டயரை அறுத்து, திருப்பிப் போட்டு, அன்னப்பறவை செய்தார். உடம்பு அன்னம்தான். கழுத்து மட்டும் ஒட்டகத்தின் பக்கம் போய்விட்டது. அதற்குச் சிவப்பு பெயிண்ட் அடித்து வாசலிலேயே காய வைத்தார். சுண்ணாம்புக்கல் ஏற்றிய லாரிகள் நாளெல்லாம் போகிற தெரு அது. ஈரப் பெயிண்ட் மேல் புழுதி படிந்து, காலையில் அன்னம் மாவில் புரட்டிய பலகாரம் போல நின்றது.

"வெள்ளை அன்னம்தானே அழகு" என்று அப்பா மனதைத் தேற்றிக்கொண்டார்.

பிறகு ஒரு டிராக்டர் செம்மண் வந்து இறங்கியது. வாசலை மேடாக்கி, தெருவோரம் செங்கல் நட்டு, உள்ளே டிசம்பர் பூவும் கனகாம்பரமும் வைக்க வேண்டும் என்பது திட்டம். பக்கத்து வீட்டு வீரம்மாள் கேட்காமலே வந்து மண் சட்டியைத் தலையில் தூக்கினார். அவர் களையெடுக்கும் கூலி வேலைக்குப் போகிறவர். மகன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருந்தான். அப்பாவும் அம்மாவும் அவரை அக்கா என்பார்கள். பிரவீணாவுக்கு அவர் பெரியம்மா.

"எதுக்குக்கா உங்களுக்குச் சிரமம்?" என்றார் அம்மா.

"சும்மா இரு கலியம்மா. நீங்க ரெண்டு பேரும் தூக்கினா பொங்கலுக்குத்தான் முடியும்" என்றார் வீரம்மாள்.

எல்லாவற்றுக்கும் கடைசியாக, தெருவிலிருந்து வாசலுக்குள் நுழையும் இடத்தில் அப்பா ஒரு சிமெண்ட் மேடை போட்டார். அம்மா உடைந்த வளையல் துண்டுகளை ஈரச் சிமெண்டில் பதித்து 'நல்வரவு' என்று எழுதினார். ஓரத்துக்கு என்ன வைப்பது என்று யோசித்தபோது பிரவீணா உள்ளே போய் தன் டப்பாவை எடுத்து வந்தாள். கல்லாகிப்போன சிப்பிகள். சுண்ணாம்புக்கல் சுரங்கத்து மண்ணில் அவள் இரண்டு வருடமாகப் பொறுக்கிச் சேர்த்தவை. எல்லாவற்றையும் சுற்றிலும் பதித்தார்கள்.

மேடை காய்ந்ததும் மூவரும் தெருவில் போய் நின்று பார்த்தார்கள். எழுத்து கோணவில்லை. சிமெண்ட் வெடிக்கவில்லை. எங்கே தப்பு என்று அவர்களே கொஞ்ச நேரம் தேடிப் பார்த்தார்கள். கிடைக்கவில்லை.

ஐப்பசியில் முதல் மழை பெய்தது. பெரிய மழை இல்லை, ஒரு மணி நேரத் தூறல். மறுநாள் பிரவீணா முறத்தைத் திருப்பிக் கொடுக்க வீரம்மாள் வீட்டுக்குப் போனாள்.

உள்ளே அரிசிக் குண்டான் கட்டில் மேல் இருந்தது. துணி மூட்டையும் கட்டில் மேல்.

"பெரியம்மா, குண்டான் ஏன் கட்டில் மேல ஏறியிருக்கு?"

"அதுக்குக் கால் வலிக்குதாம்."

பிரவீணா சிரித்தாள். அப்புறம்தான் சுவரைப் பார்த்தாள். மண்சுவர். கீழ்ப்பக்கம் முழங்கால் உயரத்துக்குக் கறுத்திருந்தது. தொட்டாள். விரல் பட்ட இடம் அல்வா போலக் குழிந்தது. வெளியே வந்து பார்த்தால், சுவரின் அடியில் மண் நிரப்பிய சாக்குகள் வரிசையாகக் கிடந்தன. சாக்கைத் தாண்டினால் பிரவீணா வீட்டு வாசல்.

"பெரியம்மா, இது எங்க வூட்டுத் தண்ணியா?"

"மழைத் தண்ணியில எங்க வூடு, உங்க வூடுன்னு எழுதியா இருக்கு?"

"முன்னெல்லாம் இங்க தண்ணி வராதே. அப்பாகிட்ட சொல்லட்டா?"

வீரம்மாள் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். "வேணாம் கண்ணு. எவ்வளவு ஆசையா செஞ்சிருக்காங்க. நானும்தானே மண்ணு தூக்கினேன். இப்பப் போயி குத்தம் சொன்னா அவங்க முகம் என்னாவும்? சொல்ல மாட்டேன்னு சொல்லு."

"சொல்ல மாட்டேன்" என்றாள் பிரவீணா. சொன்ன பிறகுதான் அது எவ்வளவு பெரிய தொல்லை என்று புரிந்தது.

போன வருடம் தெருக்கோடியில் ஒரு மண்சுவர் இப்படித்தான் ஊறி விழுந்தது. நல்ல வேளை, வீட்டில் யாரும் இல்லை. வீரம்மாள் பெரியம்மா தன் வீட்டில் இந்த ஊறிய சுவரை ஒட்டித்தான் தூங்குவார்.

அன்று மாலை ரேடியோவில், இரண்டொரு நாளில் பலத்த மழை வரும் என்றார்கள்.

"வரட்டும். செடியெல்லாம் வேர் புடிச்சுக்கும்" என்றார் அப்பா.

"அப்பா, சுவரு ஊறினா என்னாவும்?"

"எந்தச் சுவரு?"

"சும்மா ஒரு சுவரு."

"சும்மா ஒரு சுவருன்னா சும்மா ஊறும். போயி வீட்டுப்பாடம் எழுது."

பிரவீணா வீட்டுப்பாடம் எழுதினாள். கணக்கு வரவில்லை. வேறொரு யோசனை வந்தது. வாயால் சொல்ல மாட்டேன் என்றுதான் அவள் சொல்லியிருந்தாள். தண்ணீர் அப்படி எதுவும் சொல்லவில்லை.

சனிக்கிழமை காலை. அம்மா வேட்டிக்குப் போடுகிற சொட்டு நீலத்தை பிரவீணா பாட்டிலோடு வாளியில் கவிழ்த்தாள். வாளி நிறையத் தண்ணீர் பிடித்து, வாசலின் நடுவில் நின்று மெதுவாகச் சாய்த்தாள். பிறகு இன்னொரு வாளி. அப்புறம் இன்னொன்று.

"ஏண்டி, நீலத்தை ஏண்டி கொட்டுற?" அம்மா ஓடி வந்தார். "ஏங்க, இங்க வாங்க. உங்க பொண்ணு வாசலுக்கு நீலம் போடுறா."

"மேடைப் பக்கம் போவுது பாரு. கறை புடிச்சிடும்" என்று அப்பா விளக்குமாற்றோடு பாய்ந்தார்.

நீலத் தண்ணீர் நேராகச் சிமெண்ட் மேடைக்குத்தான் போனது. அங்கே முட்டி நின்றது. வழி கேட்பது போலக் கொஞ்சம் தயங்கியது. பிறகு இடப்பக்கம் திரும்பி, அன்னத்தைச் சுற்றிக்கொண்டு, செங்கல் ஓரமாகவே நடந்தது. அப்பா திருடனைத் துரத்துவது போல அதைத் துரத்திக்கொண்டு போனார். பின்னாலேயே அம்மா.

நீலம் சாக்குகளின் இடுக்கில் நுழைந்து, வீரம்மாளின் சுவரில் போய் நின்றது.

அப்பாவும் நின்றார். குந்தி உட்கார்ந்து ஒரு சாக்கை நகர்த்தினார். சுவரைத் தொட்டார். விரலைப் பார்த்தார்.

சத்தம் கேட்டு வீரம்மாள் வெளியே வந்தார். "துவைச்ச தண்ணியா தம்பி? பரவால்ல, போவட்டும்."

"அக்கா, இந்தச் சாக்கு எப்ப வச்சீங்க?"

"எந்தச் சாக்கு? அது சும்மா கெடக்குது."

 அம்மா வீரம்மாளின் வீட்டுக்குள் எட்டிப் பார்த்து, கட்டில் மேல் இருந்த குண்டானைப் பார்த்துவிட்டு வந்தார்.

வீரம்மாள் பிரவீணாவைப் பார்த்தார்.

"நான் ஒண்ணுமே சொல்லல பெரியம்மா" என்றாள் பிரவீணா.

அது உண்மைதான். அவள் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்ததும் அப்பா மேடையின் ஓரமாக மண்ணை வெட்டிப் பார்த்தார். வலப்பக்கம் வெட்டினார், இடப்பக்கம் வெட்டினார். தண்ணீர் இரண்டு பக்கமும் போக மறுத்தது. மேடை இருந்த இடம்தான் பள்ளம். இத்தனை வருடமும் மழைத்தண்ணீர் அந்த வழியாகத்தான் தெருவுக்குப் போய்க்கொண்டிருந்தது. டிவியில் வந்த பங்களாவில் தண்ணீர் எங்கே போகிறது என்று யாரும் காட்டவில்லை.

"நான் போட்ட சிமெண்டுலயே வெடிக்காதது இது ஒண்ணுதான்" என்றார் அப்பா.

"நான் எழுதினதுலயே நேரா வந்தது" என்றார் அம்மா.

மூவரும் மேடையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். வானம் கறுத்துக்கொண்டு வந்தது.

"கடப்பாரை எங்க இருக்குன்னு எனக்குத் தெரியும்" என்றாள் பிரவீணா.

அம்மா ஒரு பெருமூச்சு விட்டுவிட்டு உள்ளே போய் சாக்பீஸ் எடுத்து வந்தார். 'நல்' ஒரு பக்கம், 'வரவு' ஒரு பக்கமாக நடுவில் இரண்டு கோடு போட்டார். "இந்த இடத்துல வெட்டுங்க. ஒரு எழுத்துகூட போவக்கூடாது."

அப்பா கண்ணை மூடிக்கொண்டு முதல் அடி போட்டார். கண்ணைத் திறந்தார். மேடையில் ஒரு கீறலும் இல்லை.

"இவ்வளவு கெட்டியாவா போட்டேன்?" என்றார். குரலில் பெருமையா வருத்தமா என்று தெரியவில்லை.

சத்தம் கேட்டு வீரம்மாள் ஓடி வந்தார்.

"ஐயையோ தம்பி, இதை ஏன் ஒடைக்கிற?"

"நீங்க பேசாதீங்கக்கா. பேச வேண்டிய அன்னிக்குப் பேசல."

"உன் மனசு நோவுமேன்னு..."

"சுவரு விழுந்திருந்தா என் மனசு ரொம்ப நல்லா இருந்திருக்குமாக்கும்?" என்றார் அம்மா. கோபம்போலத்தான் சொன்னார். ஆனால் வீரம்மாளின் கையைப் பிடித்துக்கொண்டுதான் சொன்னார்.

வீரம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு சட்டியை எடுத்தார். அப்பா உடைக்க, அம்மாவும் வீரம்மாளும் துண்டுகளை அள்ளினார்கள். பிரவீணா சிமெண்டிலிருந்து விடுபட்ட சிப்பிகளைப் பொறுக்கினாள். பாதி உடைந்திருந்தன. மீதியைப் பாவாடையில் முடிந்துகொண்டாள்.

மாலையில் மழை பிடித்துக்கொண்டது. நால்வரும் வீட்டு வாசற்படியில் நின்று பார்த்தார்கள். வாசல் தண்ணீர் எல்லாம் கூடி மேடைக்கு வந்தது. வழக்கம்போலத் தயங்கியது. பிறகு 'நல்'லுக்கும் 'வரவு'க்கும் நடுவே புகுந்து தெருவுக்கு ஓடியது.

"போவுது" என்றார் அப்பா, பெண்ணைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புகிற மாதிரி.

மூன்று நாள் மழை. சுவர் நின்றது. வெயில் வந்ததும் மெல்லக் காய்ந்து பழைய நிறத்துக்கு வந்தது. குண்டான் கட்டிலை விட்டு இறங்கியது.

உடைத்த சிமெண்ட் துண்டுகளை என்ன செய்வது என்று அப்பாவும் அம்மாவும் ரகசியமாகப் பேசிக்கொண்டார்கள். மறுபடியும் ஒற்றுமை. பிரவீணாவுக்குக் கொஞ்சம் பயமாகத்தான் இருந்தது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை அந்தத் துண்டுகளை அடுக்கிப் பூசி, வீரம்மாளின் வீட்டுக்கு ஒரு படி கட்டினார்கள். அவள் காப்பாற்றிய சிப்பிகளை அதன் ஓரத்தில் பதித்தார்கள்.

பூச்சு காய்ந்த நாளில் வீரம்மாள் படியில் ஏறி நின்றார். மூன்று பேரும் அவர் முகத்தையே பார்த்தார்கள்.

 வீரம்மாள் காலை மாற்றி வைத்துப் பார்த்தார். பிரவீணாவைப் பார்த்தார். தொண்டையைச் சரிசெய்துகொண்டார்.

"தம்பி."

"சொல்லுங்கக்கா."

"படி ஆடுது."

அப்பா குனிந்து படியைப் பார்த்தார். "எந்தப் பக்கம்க்கா?"

"ரெண்டு பக்கமும்."

அம்மாதான் முதலில் சிரித்தார். அப்பா சிமெண்ட் பூசுகிற கரணையை எடுத்து வர வீட்டுக்கு ஓடினார். தன் வேலையில் குறை சொல்லக் கேட்டு ஒரு மனிதர் இவ்வளவு உற்சாகமாக ஓடியதை அந்தத் தெரு அதுவரை பார்த்ததில்லை.