ஐயமணியும் மணலியல் துறையின் காலியிடமும்

தேரிக்காட்டு ஆய்வுப் பல்கலைக்கழகத்தில் காலை வணக்கம் சொல்வது அவ்வளவு சுலபமில்லை. எதிரே வருபவர் நின்று, இது எதற்காக வைத்த வணக்கம், நேற்று ஏன் வைக்கவில்லை என்றெல்லாம் யோசித்துவிட்டுத்தான் கையைத் தூக்குவார். தேநீர் வந்தால் முகர்ந்து பார்ப்பார்கள். கடிகாரத்தை இன்னொரு கடிகாரத்தோடு ஒத்துப் பார்ப்பார்கள். கணிதத் துறைக்காரர் ஒருவர் தன் கல்யாணப் பத்திரிகையையே நம்பாமல் மண்டபத்துக்கு வெளியே நின்றுவிட்டாராம். பெண் வீட்டார் அலாக்காகத் தூக்கிக்கொண்டு போய்த் தாலி கட்ட வைத்தார்கள் என்று பேச்சு.

எல்லாம் ஒவ்வொருவர் பிடரியிலும் ஒட்டியிருந்த ஐயமணி படுத்திய பாடு.

கொத்தமல்லி விதை அளவுதான் இருக்கும். அணிந்தவர் மனத்தில் சந்தேகம் எவ்வளவு ஊறுகிறது என்று அளந்து, பெரிய மண்டபத்தில் நிற்கும் நியமனப்பொறிக்கு ஓயாமல் சொல்லிக்கொண்டிருக்கும். சந்தேகப்படத் தெரிந்தவருக்குத்தான் ஆராய்ச்சி வரும் என்பது அங்கே கொள்கை. ஆள் பிடித்தும் சாதி பார்த்தும் வேலை போட்டது போதும் என்று, நியமன உரிமையை மனிதர் கையிலிருந்து பிடுங்கிப் பொறியிடம் கொடுத்துவிட்டார்கள். பெயர் தெரிந்தால் ஊர் தெரியும், ஊர் தெரிந்தால் சொந்தம் தெரியும். ஆகவே பொறிக்கு மணியின் எண் மட்டுமே தெரியும்.

மாதக் கடைசியில் வரும் அளவு நாளில், மணி காட்டும் முள் எங்கே நிற்கிறது என்று பார்த்து அது ஆணை அடித்துத் தள்ளும். முள் உச்சியில் நின்றால் நிரந்தரம். அதாவது, அடுத்த மாதக் கடைசி வரை நிரந்தரம். நடுவில் ஆடினால் தகுதிகாண். கீழே சரிந்தால் வருகைதரு: வந்து பாடம் எடுக்கலாம், பொழுது சாய்வதற்குள் வளாகத்தை விட்டுப் போய்விட வேண்டும், ஆய்வகச் சாவி கிடையாது. முள் படுத்தேவிட்டால் மதிப்புறு. அவர்களுக்கு ஒரு சால்வை, வேப்பமரத்தடியில் ஒரு பெஞ்சு, வேண்டிய மட்டும் தேநீர். சம்பளம் மட்டும் இல்லை.

மணலியல் துறையில் சொர்ணகலா தகுதிகாணில் இருந்தாள். அந்த மாதத்தோடு கெடு முடிகிறது. துறையில் நிரந்தரம் ஒன்றே ஒன்றுதான், அதுவும் அந்த மாதம்தான் காலியானது. அதற்கு அவளும் லூர்து அமலனும் போட்டி.

அவளுக்கு வந்த சங்கடம் வெற்றியால் வந்தது. தேரியின் செம்மணலுக்கு ஒரு பூச்சுப் பூசி, இரவுக் காற்றின் ஈரத்தைக் குடிக்கப் பழக்கியிருந்தாள். ஆய்வகத்தில் ஒரு கட்டில் அளவுக்கு அந்த மணலைப் பரப்பி, அந்தியில் மூடியைத் திறந்து விடியலில் மூடுவாள். படுக்கையின் அடிக்குழாயிலிருந்து தண்ணீர் சொட்டத் தொடங்கியது, தொடங்கியது நிற்கவேயில்லை. எட்டு விதமாகச் சோதித்தும் குறை அகப்படவில்லை. நிம்மதியாகத் தூங்கினாள். நிம்மதி வந்ததும் முள் சரிந்தது. வருகைதருவாகிவிட்டால் அந்தியில் மூடி திறக்க ஆளில்லை. மணல் செத்துப் போகும்.

லூர்துவின் முள்ளோ அளவு நாளில் தவறாமல் உச்சிக்குப் போனது. அதுதான் சொர்ணகலாவை உறுத்தியது. பேருந்தில் பக்கத்தில் உட்கார்ந்தவன் சொன்னான் என்பதற்காகக் கடலுக்குள் மனை வாங்கியவன் லூர்து. அலை வற்றியதும் வீடு கட்டலாம் என்று இன்னும் காத்திருக்கிறான். இவனுக்கு எங்கிருந்து சந்தேகம் வரும்?

அளவு நாள் காலையில் அவன் பின்னாலேயே போனாள். உணவகத்தின் மூலையில், யாரும் பார்க்காதபடி சுவர்ப்பக்கம் திரும்பி உட்கார்ந்து, மிளகாய் பஜ்ஜி தின்றுகொண்டிருந்தான். தொட்டுக்கொள்ள மிளகாய்ப்பொடி.

"என்ன லூர்து சார், ஒளிஞ்சிருந்து பஜ்ஜி?"

"ராசி மேடம். அளவு நாள்ல இதத் தின்னாத்தான் நமக்கு முள்ளு ஏறுது."

"ஏன் ஏறுதுன்னு யோசிச்சீங்களா?"

"ஏறுதுல்லா? பெறவு எதுக்கு அந்த வம்பு?" என்று அடுத்த பஜ்ஜியை எடுத்தான்.

அவன் பிடரியில் வியர்வை ஓடை ஓடையாக இறங்கி, மணியைக் குளிப்பாட்டிவிட்டுச் சட்டைக்குள் போயிற்று. சொர்ணகலா அதையே பார்த்தாள். ஈரத்தை அளப்பது அவளுடைய தொழில்.

ஆய்வகத்துக்கு ஓடினாள். பிடரியிலிருந்து மணியைப் பிய்த்துக் காய்ந்த மணலில் புதைத்தாள். சுவரில் அவள் மணிக்கான முள் படுத்துவிட்டது. அடிக்குழாய்த் தண்ணீர் தரையில் பரவாமலிருக்க ஒரு கோணியை மடித்துப் போட்டிருந்தாள். ஊறி, பாசி பிடிக்கத் தயாராக இருந்தது. மணியை அதன்மேல் வைத்தாள். முள் ஏறியது. நடுவைத் தாண்டியது. உச்சியில் போய் நின்றது. மணலியல் துறையின் நிரந்தரப் பேராசிரியராகும் தகுதி ஒரு கோணிக்கு வந்தது.

ஐயமணி அளந்ததெல்லாம் வியர்வை. இந்த வளாகத்தில் வியர்ப்பவர் யார் என்று நினைத்துப் பார்த்தாள். வேலை போய்விடுமோ என்று பயந்தவர்கள். தேநீரை முகர்ந்து பார்த்த இத்தனை பேரில் ஒருவர்கூட மணியைச் சந்தேகப்படவில்லை, தானும்தான்.

ஒரு கிள்ளு ஈரப்பஞ்சை மணிக்கு அடியில் வைத்து ஒட்டினால் போதும். வைத்தாள். மண்டப வாசல் வரைக்கும் போனாள். 'இந்தத் தண்ணீர் மெய்தானா' என்று நாளைக்கு யாராவது கேட்டால், பஞ்சு வைத்தவள் எந்த வாயால் ஆமாம் என்பது? பஞ்சை எடுத்து வாசல் செடியில் எறிந்துவிட்டு உள்ளே போனாள்.

துணைவேந்தர் ஜெயதிரவியம் மேடையில் இருந்தார். வணிகவியல்காரர். அந்த வாரத்தோடு பதவிக்காலம் முடிகிறது. நீட்டிப்புக்காகத் தலைநகருக்கு நடையாய் நடந்துகொண்டிருந்தார். சொர்ணகலா பஜ்ஜியிலிருந்து கோணி வரை ஒன்றுவிடாமல் சொன்னாள். ஆணைக்காகக் கூடியிருந்த சபை அவளைச் சந்தேகமாகப் பார்த்தது. அது அவர்களுடைய வழக்கமான பார்வைதான்.

"அப்ப மெஷின் தப்புங்கீங்க," என்றார் துணைவேந்தர்.

"நீங்களே ஒட்டிப் பாருங்க சார்."

உதிரியாகக் கிடந்த மணி ஒன்றைக் கொண்டுவந்து அவர் பிடரியில் ஒட்டினார்கள். அந்த நேரம் பார்த்து அவருடைய கைபேசி ஒலித்தது. தலைநகரிலிருந்து. நீட்டிப்பு இல்லை என்று இரண்டே வார்த்தை. அவர் கழுத்துப்பட்டை நனைந்தது. உச்சியையும் தாண்டி, அதுவரை யாருக்கும் போகாத இடத்துக்குப் போய் முள் கண்ணாடியில் இடித்தது. பொறி மணியடித்து ஆணையைத் துப்பியது: அந்த உதிரி மணிக்கு மணலியல் துறையில் நிரந்தரப் பேராசிரியர் பதவி.

ஜெயதிரவியம் ஆணையை ஒருமுறை படித்தார். கழுத்தைத் துடைத்துக்கொண்டார்.

"மெஷின் சரியாத்தான் வேல செய்யுது," என்றார்.

உள்ளதைச் சொல்லிவிட்ட நிம்மதியில் சொர்ணகலாவின் முள் படுத்தே கிடந்தது. அவளுக்குச் சால்வை போர்த்தினார்கள். இரண்டாவதாக வந்த லூர்து, அடுத்த மாதம் எண்ணெயை மாற்றச் சொல்லவேண்டும் என்று உணவகத்தைக் குறை சொல்லிக்கொண்டு போனான்.

அவள் ஆய்வகத்துக்குப் போய் மணியைப் பிய்த்து, வெறுப்பில் கோணிமேலேயே வீசினாள். சாவியைப் புதுப் பேராசிரியர் ஜெயதிரவியத்திடம் நீட்டினாள். அவர் வாங்கவில்லை. மணலைக் கண்டாலே செருப்பைக் கழற்றி உதறத் தோன்றுகிற மனிதர். நீயே பார்த்துக்கொள்ளம்மா என்று சொல்லிவிட்டு நாற்காலியில் சாய்ந்தார். அந்த வளாகத்தில் நிரந்தரம் என்ற சொல்லை அப்படியே நம்பிய முதல் ஆள் அவர்தான். மாதம் முழுக்க நன்றாகச் சாப்பிட்டார், மதியம் தூங்கினார், ஒரு சொட்டு வியர்க்கவில்லை. சொர்ணகலா சம்பளமில்லாமல் அந்தியில் மூடியைத் திறந்தாள், விடியலில் மூடினாள். தண்ணீர் சொட்டியபடி இருந்தது.

அடுத்த அளவு நாள் முடிந்த மதியம், வேப்பமரத்தடிப் பெஞ்சில் அவள் பக்கத்தில் புதுச் சால்வையோடு ஒருவர் வந்து உட்கார்ந்தார். ஜெயதிரவியம். தேநீரை முகர்ந்து பார்த்தார். இரண்டு பக்கமும் திரும்பிப் பார்த்தார்.

"அம்மா, அன்னைக்கு ஒரு கோணி சொன்னீங்கல்லா. அது இருக்கா? ஒரு துண்டு கிழிச்சுக் குடுத்தாப் போதும்."

நிஜமாகவே கேட்கிறாரா, வாயைப் பிடுங்க வந்திருக்கிறாரா என்று சொர்ணகலா அவர் பிடரியை எட்டிப் பார்த்தாள். நனைந்திருந்தது. நிஜம்தான்.

"கிழிக்க முடியாது சார். காலைல அதுக்கு ஆணை வந்துட்டு. அது மேல கெடந்த மணி உச்சில நின்னுருக்கு. உங்க எடத்துல இப்ப அதுதான் நிரந்தரம்."

"அப்ப சாவி?"

"எங்கிட்டதான். கோணி ஒரு மறுப்பும் சொல்லல. நான் அதுக்குக் கீழ வேல பாக்கேன்."

ஜெயதிரவியம் தேநீரைக் கீழே வைத்தார். பிறகு இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்கார்ந்து, குரலைத் தாழ்த்தினார்.

"நம்மளையும் சேத்துக்கிடச் சொல்லி, அதுகிட்ட ஒரு வார்த்த சொல்லுங்களேன்."