உறையாத ஐந்து குழாய்கள்

“எவன் செஞ்சானோ, அவன் கழுத்தை இந்தக் கையாலேயே திருகணும் ஐயா!”

கண்ணாடிப் பட்டறைக்குள் நுழைந்ததும் ஆய்வாளர் ஹோரியுச்சி சயோ சொன்ன முதல் வார்த்தை இதுதான். அவள் வைத்த பெட்டியில் ஐந்து கண்ணாடிக் குழாய்கள். ஐந்திலும் திரவம் தண்ணீராய்த் தளும்பியது.

தளும்பக் கூடாது. காற்றை உறிஞ்சி எடுத்த குழாயில், மோனோமர் திரவத்துக்கு மேலே ஒரே ஒரு நிமிடம் பிளாஸ்மா ஒளியை எழுப்பி, வாயை உருக்கி அடைத்து இருட்டில் வைத்தால் போதும். தானாகவே சங்கிலி கோத்து, ஒரு வாரத்தில் கட்டிப் பாலிமராக உறைந்துவிடும். போன மாதம் உறைந்ததை நம்பாத விசாரணைக் குழு, மறுபடி செய்யச் சொல்லி, கையெழுத்துக்குப் பதிலாகப் பெயர் முத்திரை குத்திய காகிதம் ஒட்டி மூடிய பெட்டியை இன்று காலை தன் முன்னே திறக்க வைத்தது. நாளைக்குள் விளக்கம் தராவிட்டால் பொய்க்காரி என்ற பட்டம், கூடவே வேலையும் போகும்.

அந்தப் பல்கலைக்கழகத்துக்கே கண்ணாடி ஊதிக் கொடுப்பவர் தோபே. எரிமலையே வெடித்தாலும் தேநீரை முடித்துவிட்டுத்தான் எழுவார். அவருக்கு நூடுல்ஸ் கொண்டுவந்த கேண்டீன் ஹிசாயே அம்மாளோ துப்புத் துலக்குவதென்றால் அடுப்பையே மறந்துவிடுவாள்.

“சயோகூட வேலை பாக்கற கஜியுராதான்!” என்றாள் அவள். “ ‘உன் ஜெல்லி உறையட்டும் பாக்கலாம்’னு சயோவை என் காதுபடவே கிண்டல் பண்ணான்.”

“கிண்டல் பண்றவன் எல்லாம் திருடன்னா ஊர்ல ஒருத்தன் மிஞ்ச மாட்டான்” என்றார் தோபே. குழாயை வெளிச்சத்தில் பிடித்தார். “நான் ஒடுக்கி வெச்ச கழுத்துலதான் அடைக்கணும். இந்த அஞ்சும் அதுக்கும் கீழே அடைச்சிருக்கு. நுனியை வெட்டி, காத்தை உள்ள விட்டு, மறுபடி உருக்கியிருக்கான். காத்துப்பட்டா சங்கிலி வளராது.”

“பெட்டியில முத்திரைக் காகிதம் ஒட்டியிருந்துதே?” என்றாள் ஹிசாயே.

“ஹோரியுச்சிங்கற பேருக்கு முத்திரை எந்தக் கடையிலயும் கிடைக்கும். ஆய்வகத் தலைவர் குசகாபே வாத்தியாரோடது அவர் மேசைத் தட்டுலயே கிடக்குது. பழசைக் கிழிச்சுட்டுப் புதுசு ஒட்டியிருக்கான்.”

காகிதத்தில் இடப்புறம் பேராசிரியர் குசகாபேயின் முத்திரை. பக்கத்தில் சயோவின் முத்திரை, இடப்பக்கம் சாய்ந்து.

“இப்படித்தான் குத்துவியா?” என்று சயோவிடம் கேட்டார் தோபே.

“நானா? ஆணி அடிச்ச மாதிரி நேரா குத்துவேன். வாத்தியாரே திட்டியிருக்கார்.”

மாலையில் தோபே புதுக் குழாய்களோடு சயோவின் ஆய்வகத்துக்குப் போனார். பெற்றுக்கொண்டதற்கு எல்லோரும் பதிவேட்டில் முத்திரை குத்தினார்கள். முதலில் குசகாபே, அடுத்து கஜியுரா, தலைகீழாக. இருபத்திரண்டு வருடமாக உதவியாளராகவே இருக்கும் மினேகிஷி, பார்க்காமலே குத்தினார்; அது இடப்பக்கம் சாய்ந்து விழுந்தது.

தோபே பெட்டியின் முத்திரைக் காகிதத்தைப் பதிவேட்டின் மேல் வைத்தார். “மேலதிகாரி முத்திரைக்குப் பக்கத்துல நம்மளதைச் சாய்ச்சுக் குத்தினா, குனிஞ்சு வணங்கறதா அர்த்தம். சயோ வணங்க மாட்டா. கஜியுராவுக்கு மேல் கீழ்கூடத் தெரியாது. இங்க வணங்கற கை ஒண்ணுதான், மினேகிஷி, அது உங்களோடது.”

மினேகிஷி முகம் சிவந்து வெடித்தார்.

“ஒரு நிமிஷத்துல பிளாஸ்மாவை நிறுத்தணும்னு கண்டுபிடிச்சவன் நான்! கட்டுரையில இந்தக் குசகாபே பேரு! குழு முன்னாடி இந்த ஆளோட மானம் கப்பலேறணும்னுதான் செஞ்சேன். நடுவுல இந்தப் பொண்ணு மாட்டிக்கிட்டா.”

குசகாபே தொடையைத் தட்டிச் சிரித்தார். “பழிவாங்கும்போதும் எனக்குக் கும்பிடு போட்டிருக்கான் பாரு!”

மினேகிஷி தன் வலது கையையே பார்த்துக்கொண்டு நின்றார். அந்தக் கையை அவர் வெறுத்தது எல்லோருக்கும் தெரிந்தது.

சயோ அவர் எதிரே வந்தாள். “உங்களை நான் மன்னிக்க மாட்டேன். என் பொழப்புல மண்ணள்ளிப் போட்டீங்க. நாளைக்குக் குழுகிட்ட உங்க பேரைச் சொல்லுவேன்.”

“சபாஷ்!” என்றார் குசகாபே.

“பொறுங்க வாத்தியாரே, இன்னொரு பேரும் இருக்கு. யோசனையைத் திருடினவர் பேரு.” அவள் மினேகிஷியிடம் திரும்பினாள். “பழைய குறிப்பேடு ஏதாவது வெச்சிருக்கீங்களா?”

“வருஷத்துக்கு ஒண்ணா, இருபத்திரண்டும் இருக்கு.”

குசகாபேயின் சிரிப்பு பாதியில் நின்றது.

“எல்லாத்தையும் கொண்டு வாங்க” என்றாள் சயோ.