விட்டுவிட்டு ஓடியவள்

பந்தயத்துக்கு மறுநாள் காலையில் பிரகாசி முதலில் செய்கிற வேலை, கட்டிலில் உட்கார்ந்தபடியே தன் கால்களைப் பார்ப்பதுதான். இடது குதிகாலில் கொப்புளம் இருந்தால் சாலையின் சரிவான ஓரமாக ஓடியிருக்கிறாள். பெருவிரல் நகம் கறுத்திருந்தால் கடைசியில் வேகம் எடுத்திருக்கிறாள். தோளில் கீறல் இருந்தால் தண்ணீர் மேசையில் யாரோடோ முட்டிக்கொண்டிருக்கிறாள். உடம்பைப் பார்த்து இவ்வளவும் தெரிந்துகொண்ட பிறகு, பையைத் திறந்து உள்ளே பதக்கம் இருக்கிறதா என்று துழாவுவாள்.

அன்றைக்கு இருந்தது. தங்கம். சந்தோஷப்பட வேண்டும் என்று அவளுக்குத் தெரிந்தது, ஆனால் பக்கத்து வீட்டுக்காரருக்கு லாட்டரி விழுந்த மாதிரிதான் இருந்தது.

ஒரு காலத்தில் பெண்களின் நெடுஞ்சாலை ஓட்டத்தை யாரும் சீந்தியதில்லை. ஜெயித்தவளுக்கு ஒரு துண்டும் பிளாஸ்டிக் கோப்பையும் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். நினைவுப் பெயர்ப்பு வந்த பிறகுதான் நிலைமை தலைகீழானது. எல்லைக்கோட்டைத் தாண்டியதும் ஒரு கூடாரம் இருக்கும். ஓடி வந்தவளை அங்கே உட்காரவைத்து நெற்றியில் பட்டையைக் கட்டுவார்கள். தொடக்க வெடிச் சத்தத்திலிருந்து ரிப்பன் நெஞ்சில் படுகிற வரைக்குமான நினைவு முழுதும் அப்படியே உரிந்து, அதற்கு முன்பதிவு செய்தவரிடம் போய்விடும். நகல் எடுக்க முடியாது. எடுத்தால் சக்கைதான் மிஞ்சும். ஒரு நினைவு, ஒரே ஆள். வாங்கியவருக்கு இருக்கும், கொடுத்தவளுக்கு இருக்காது.

முழங்கால் தேய்ந்தவர்கள் வாங்கினார்கள். வாழ்நாளில் பஸ்ஸைப் பிடிக்கக்கூட ஓடாதவர்கள் வாங்கினார்கள். 'நான் மாரத்தான் ஓடியிருக்கிறேன்' என்று சொல்லிக்கொண்டார்கள். அது பொய்யும் இல்லை. ஆண்கள் ஓட்டமும் விற்பனைக்கு வந்தது. ஆனால் அதில் பாதித் தூரம் கைக்கடிகாரத்தைப் பார்ப்பதிலேயே போய்விடுகிறது என்று வாங்கியவர்கள் குறைப்பட்டுக்கொண்டதால் பெண்கள் ஓட்டத்துக்குத்தான் கிராக்கி. ஆக, நாட்டின் தலைசிறந்த ஓட்டக்காரிகள் எல்லோரும் தங்களுக்கு ஞாபகமே இல்லாத பந்தயங்களுக்கான பதக்கங்களை மாட்டிக்கொண்டு மேடையில் சிரித்தார்கள்.

பிரகாசி பல் தேய்த்துவிட்டு வந்து சுவரில் காணொளியை ஓடவிட்டாள். தூத்துக்குடியிலிருந்து திருச்செந்தூர் வரை, கடற்கரைச் சாலை நெடுவோட்டம். உப்பளங்களைத் தாண்டி, ஆறுமுகநேரியைத் தாண்டி, முன்னால் இரண்டே பேர். ஒருத்தி அவள். பக்கத்தில் தோளுரச ஓடுகிறவள் முப்பிடாதி. முப்பி என்றால்தான் அவள் திரும்பிப் பார்ப்பாள். இருவரும் சேர்ந்தே பயிற்சி எடுத்தார்கள், ஒரே டிபன் பாக்ஸில் சாப்பிட்டார்கள், ஒருத்திக்குக் காய்ச்சல் என்றால் மற்றவளும் அன்றைக்கு ஓட மாட்டாள்.

இந்தப் பந்தயத்துக்கு முதல்நாள் அவர்கள் பேசிவைத்தது இருவருக்கும் நன்றாகவே நினைவிருந்தது. கடைசி வரை முன்னால் இருந்தால் கையைக் கோத்துக்கொண்டு ஒன்றாகக் கோட்டைத் தாண்டுவது. அப்படித் தாண்டினால் இருவருக்கும் முதலிடம், இருவருக்கும் ஆசியப் போட்டியில் இடம். முப்பிக்கு வயது ஏறிக்கொண்டிருந்தது. இதை விட்டால் அவளுக்கு வேறு வாய்ப்பு வராது.

வீரபாண்டியன்பட்டினத்தைத் தாண்டியதும் திரையில் முப்பி கெண்டைக்காலைப் பிடித்துக்கொண்டு விழுந்தாள். பிரகாசி நின்றாள். திரும்பி வந்தாள். குனிந்து கையைக் கொடுத்தாள். முப்பியின் காதோரம் ஏதோ சொன்னாள். பிறகு கையை உதறிக்கொண்டு ஓடிவிட்டாள். பின்னாலிருந்து மஞ்சள் பனியன் போட்ட பெண் வந்து முப்பியைத் தாண்டிப் போனாள், அவளுக்குப் பின்னால் இன்னும் சிலர். முப்பி நொண்டியபடி கூடாரத்துக்கு வந்து சேர்ந்தது அதற்கெல்லாம் பிறகுதான்.

பிரகாசி அந்த இடத்தைத் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தாள். சத்தம் பதிவாகவில்லை. முகத்தையும் கலைந்த முடி மறைத்தது. தான் அப்படிப்பட்டவள் இல்லை என்றுதான் அவளுக்குத் தோன்றியது. ஆனால் அப்படிப்பட்டவளுக்கும் அப்படித்தானே தோன்றும் என்று உடனே இன்னொன்று தோன்றி, குழப்பமாகிவிட்டது.

கதவைத் தட்டாமலே முப்பி உள்ளே வந்தாள். காலில் கட்டு.

"பாத்தியாட்டி?"

"பாத்தேன்."

"எங்காதுல என்ன சொன்ன?"

"எனக்கெப்படித் தெரியும்? உங்காதுலதான சொல்லிருக்கேன், நீ சொல்லு."

"காத மட்டும் வச்சுக்கிட்டு நான் என்ன செய்ய? கேட்டதத்தான் கழட்டிட்டுப் போயிட்டானுவளே."

இருவருக்கும் சிரிப்பு வந்திருக்க வேண்டிய இடம். வரவில்லை.

"நீதான் என்னப் போன்னு சொல்லிருப்ப" என்றாள் பிரகாசி. "நீ சொல்லுத ஆளுதான்."

"நான் சொல்லுத ஆளா?" முப்பி உண்மையாகவே யோசித்தாள். "போன்னு சொல்லிருந்தா நீ எதுக்குக் கைய உதறணும்? மெதுவா விட்டிருக்கலாம்லா?"

"தெரியலட்டி."

"எனக்குந் தெரியல. அதான் கோவமா வருது. கோவப்படலாமா கூடாதான்னே தெரியாம ஒரு கோவம்."

அதற்குப் பிறகு முப்பி பயிற்சிக்கு வந்தாலும் தனியாகவே ஓடினாள். சேலத்தில் உள்ள ஒரு முகாமில் சேரப்போவதாகவும், வருகிற சனிக்கிழமை கிளம்புவதாகவும் பயிற்சியாளர் மூலமாகத்தான் பிரகாசிக்குத் தகவல் வந்தது. போகாதே என்று சொல்ல அவள் நாலைந்து தடவை கிட்டப் போனாள். எந்தத் தகுதியில் சொல்வது? தப்புச் செய்தவளாகவா, செய்யாதவளாகவா? அது தெரியாமல் வாயைத் திறக்க முடியவில்லை. தன் நினைவை வாங்கியவர் யார் என்று கேட்டு நினைவுப் பெயர்ப்பு நிறுவனத்துக்கு எழுதிப் பார்த்தாள். ரகசியம் என்று பதில் வந்தது. முப்பியின் நினைவை வாங்கிய யாரோ ஒருவர் மட்டும், தசைப்பிடிப்பு இவ்வளவு வலிக்கும் என்று முன்கூட்டியே சொல்லவில்லை என்று புகார் கொடுத்திருப்பதாகக் கேள்வி.

வெள்ளிக்கிழமை காலை. துறைமுகச் சாலை ஓரம் முப்பி காலை நீட்டிக் குனிந்துகொண்டிருந்தாள். சற்றுத் தள்ளி பிரகாசி ஷூவுக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்தாள், கட்டி முடித்ததையே மறுபடியும் அவிழ்த்துக் கட்டினாள். ஓர் ஆட்டோ வந்து நின்றது. நூல் சேலை கட்டிய, கொஞ்சம் பூசினாற்போன்ற, நடுவயதுப் பெண் ஒருத்தி கைப்பையோடு இறங்கினாள். பிரகாசியை யாரென்றே தெரியாதவள் போல் தாண்டி, நேரே முப்பியிடம் போனாள்.

"ஏட்டி முப்பி, காலு எப்படிட்டி இருக்கு?"

சொன்னவள் சட்டென்று தன் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"மன்னிச்சுக்கோணுமுங்க. தானா வந்துருச்சுங்க. எனக்குப் பல்லடமுங்க, கோழிப்பண்ணை வெச்சிருக்கறனுங்க. பேரு கோகிலவாணி. நீங்க ஓடிப் பழகற எடத்த விசாரிச்சுட்டு வந்தனுங்க. அன்னிக்கு ஓட்டத்த வாங்குனது நான்தானுங்க."

பிரகாசி எழுந்து ஓடி வந்தாள். "என் ஓட்டத்தையா?"

கோகிலவாணி அவளை மேலும் கீழும் பார்த்தாள். "ஓ, நீங்கதானா அது?"

அவளைக் குறை சொல்ல முடியாது. ஓடும்போது தன் முகத்தைத் தானே யார் பார்க்கிறார்கள்? அந்த நினைவு முழுக்க முப்பியின் முகம்தான் இருந்திருக்கிறது.

"ஓட்டத்துக்குத்தானுங்க ஆசைப்பட்டு வாங்குனேன்" என்றாள் கோகிலவாணி. "கடைசில இப்படி ஒண்ணு இருக்கும்னு ஆருமே சொல்லலீங்க. வாங்குனதுல இருந்து ஒறக்கமே இல்லீங்க. கோழிக்குத் தீவனம் போடறப்பகூட இவங்க கை என்ற கைக்குள்ளயே இருக்குதுங்க. ஊட்டுக்காரரு கேட்டா என்னன்னு சொல்றது? தாங்க முடியலீங்க. திருப்பிக் குடுத்துப்போடலாம்னு பட்டையும் கையோட கொண்டாந்துட்டனுங்க. நீங்க வாங்கிக்கறீங்களா அம்மிணி?"

கைப்பையைத் திறந்து காட்டினாள். கூடாரத்தில் கட்டுகிற அதே மாதிரி நெற்றிப் பட்டை. வைத்திருப்பவர் சம்மதித்தால் நினைவு எப்போது வேண்டுமானாலும் இன்னொருவருக்குப் பெயரும். இத்தனை நாளும் பிரகாசி ராத்திரி பகலாக எதைத் தேடினாளோ அது கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. நீட்டிய கையை அவளே பின்னுக்கு இழுத்துக்கொண்டாள். தெரிந்துகொள்ள ஆசையாக இருந்தது, வைத்துக்கொள்ளப் பயமாக இருந்தது.

"இப்பம் வேண்டாங்கக்கா" என்றாள். "மொதல்ல என்ன நடந்துச்சுன்னு சொல்லுங்க."

கோகிலவாணி அவளிடம் சொல்லவில்லை. முப்பியைப் பார்த்துத்தான் சொன்னாள். சொல்லச் சொல்ல அவள் பேச்சிலிருந்து பல்லடம் கொஞ்சம் கொஞ்சமாகக் கழன்றுபோயிற்று.

"வேகத்தடை தாண்டுனதும் விழுந்துட்ட. நான் ரெண்டு எட்டு ஓடிட்டேன், பெறவுதான் நின்னேன். அந்த ரெண்டு எட்டையும் நெனச்சாலே எனக்கு வெக்கமா இருக்கு. நீ கைய நீட்டி, 'தூக்கி விடுட்டி, மொண்டிக்கிட்டாவது வாரேன்'னு சொன்ன. தூக்கினேன். பாதி எந்திச்சிட்ட. அப்பம் உன் தோளுக்குப் பின்னால அந்த மஞ்சப் பனியன் வாரது தெரிஞ்சுது. உன்னோட நடந்தா எனக்கும் போச்சு. நீ விடமாட்டேன்னு கையப் புடிச்ச. நான் குனிஞ்சு உங்காதுல..."

நிறுத்திவிட்டு மூக்கைச் சேலைத் தலைப்பால் துடைத்துக்கொண்டாள்.

"சொல்லுங்கக்கா" என்றாள் முப்பி.

"'விடுட்டி, நாளைக்கு நம்ம ரெண்டு பேருக்கும் இது ஞாபகமா இருக்கப்போவுது?'ன்னு சொன்னேன். சொல்லிட்டுக் கைய உதறிட்டு ஓடிட்டேன்."

துறைமுகத்துக்குப் போகிற ஆளில்லா லாரிகள் வரிசையாகக் கடந்து போயின. அந்த வாக்கியம் தன்னுடையதா என்று பிரகாசி உள்ளே தேடிப் பார்த்தாள். தன் குரலில் சொல்லிப் பார்த்தாள். கச்சிதமாகப் பொருந்தியது. தன்னைத் தவிர வேறு யாருக்கும் அப்படிச் சொல்லத் தோன்றியிருக்காது என்றுகூடப் பட்டது. ஆனாலும் ஒன்றும் சுடவில்லை.

கோகிலவாணியோ உடைந்துவிட்டாள். முப்பியின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு விம்மினாள். "ஓடுறப்ப முழுக்க உன் மொகந்தான்ட்டி. ரிப்பன் நெஞ்சுல பட்டப்பகூட திரும்பிப் பாத்தேன். எப்படா கூடாரம் வரும், எப்படா இதக் கழட்டுவாங்கன்னு ஓடினேன். என்ன மன்னிச்சிருட்டி."

முப்பி அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு என்ன நினைத்தாளோ, அந்தப் பெண்ணை இழுத்துத் தோளோடு சேர்த்துக்கொண்டாள். அவளுக்கும் கண் கலங்கி வழிந்தது.

"அழாதிய. விடுங்க. அத்தன தூரம் ஓடி வந்த காலு அந்த நேரத்துல நிக்கச் சொன்னா நிக்குமா? நானா இருந்தாலும் அதத்தான் செஞ்சிருப்பேனோ என்னவோ. ரெண்டு எட்டுலயாவது திரும்பி வந்தியள்லா, அது போதும். என் மனசுல ஒண்ணும் இல்ல. நல்லா இருங்க."

கோகிலவாணி அழுது ஓய்ந்து பெருமூச்சு விட்டாள். முகத்தில் அப்படி ஒரு தெளிவு. பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்த பிரகாசிக்குத்தான் எங்கே நிற்பது என்று தெரியவில்லை. நடந்ததில் ஏதோ கைமாறிப் போய்விட்டது என்று மட்டும் புரிந்தது.

"முப்பி" என்றாள். "செஞ்சது நாந்தானட்டி. என்னையும் மன்னிச்சிரு."

முப்பி கண்ணைத் துடைத்துக்கொண்டு அவள் பக்கம் திரும்பினாள். கோபமாக இருந்திருந்தால் பரவாயில்லை. பஸ்ஸில் கால் பட்டதற்கு மன்னிப்புக் கேட்டவரைப் பார்ப்பது போலப் பார்த்தாள்.

"எதுக்குட்டி? செஞ்சது உனக்குத் தெரியுமா?"

"தெரியல. ஆனா..."

"உள்ள உறுத்துதா?"

பிரகாசிக்குப் பொய் சொல்ல வரவில்லை. "உறுத்த மாட்டேங்கு. உறுத்தணும்னுதான் நெனைக்கேன்."

"பெறவு நான் எத மன்னிக்க? உம்மேல எனக்குக் கோவமே இல்ல, சத்தியமா. கோவப்படுததுக்கு நீ அங்க இல்லையே." முப்பி குனிந்து தன் பையை எடுத்துக்கொண்டாள். "சேலத்துக்குப் போவல. அந்த எண்ணத்த விட்டுட்டேன். நாளைக்கு வழக்கம்போல வா."

இதற்காகத்தானே இத்தனை நாளும் தவித்தாள்? முப்பி போகவில்லை. கோபம் தீர்ந்துவிட்டது. எல்லாம் சரியாகிவிட்டது. ஆனால் சரிசெய்தது வேறொருத்தி. நாளைக்கு முப்பியோடு தோளுரச ஓடும்போது, அவளை விட்டுவிட்டு ஓடியவளாகவும் இல்லாமல், அவளிடம் மன்னிப்புப் பெற்றவளாகவும் இல்லாமல், வெறும் பக்கத்து ஓட்டக்காரியாக ஓட வேண்டும். அந்த நினைப்புத்தான் அவளைச் சுட்டது. முப்பி சாலையோரத் தள்ளுவண்டி டீக்கடையை நோக்கி நடக்கத் தொடங்கியதும் அவள் கோகிலவாணியின் கையைப் பிடித்தாள்.

"அக்கா, அந்தப் பட்டைய எடுங்க. நான் வாங்கிக்கிடுதேன். எவ்வளவு வலிச்சாலும் பரவால்ல, எங்கிட்டயே குடுத்துருங்க."

கோகிலவாணி கைப்பையை மார்போடு அணைத்துக்கொண்டாள். கொடுக்கத்தான் அவள் அவ்வளவு தூரம் வந்திருந்தாள். இப்போது அவள் முகத்தில் சங்கடமும் ஒருவகைப் பிடிவாதமும் தெரிந்தன.

"மொதல்ல கேட்டப்ப வேண்டாமுன்னுட்டீங்களே அம்மிணி."

"அப்பம் பயந்துட்டேன்."

"இப்பத்தானுங்க அவங்க மன்னிச்சாங்க. ஒருத்தி என்னைய இப்படிக் கட்டிப்புடிச்சு மன்னிச்சது என்ற ஆயுசுல இதுதான் மொதத்தடவைங்க. அதக் கழட்டிக் குடுத்துப்போட்டா எதுக்கு மன்னிச்சாங்கன்னே எனக்குத் தெரியாமப் போயிருமுங்களே." குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "தப்பா நெனச்சுக்காதீங்க. இனி அது எனக்கு வேணுமுங்க."

தள்ளுவண்டிக் கடையிலிருந்து முப்பி கையை உயர்த்திச் சத்தமாகக் கூப்பிட்டாள்.

"ஏட்டி, டீ ஆறுது, வா!"

இரண்டு பேருமே திரும்பினார்கள். கோகிலவாணி "இந்தா வாரேன்" என்று சொல்லிக்கொண்டே நடந்துவிட்டாள். கூப்பிட்டது யாரை என்று கேட்கப் பிரகாசிக்கு வாய் வரவில்லை.